“வயசானா அப்படித்தான்” என்பது சிகிச்சை இல்லை

1/ கொஞ்சம் நீளமான திரெட். 40 வயதைத் தாண்டிய பெண்கள், அவங்களோட ஒரே வீட்டில் இருக்கும் கணவர், மகன், மருமகள், அப்புறம் என்னைப் போல ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்கள், எல்லாரும் படிக்கணும்னு எழுதறேன். மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் கடுமையான தொந்தரவுகளுக்கு நாம கொடுத்துட்டு இருக்கறது பெரும்பாலும் சிகிச்சையே இல்லை. அதுதான் என் குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டில் முதல் ஆள் நான்.

2/ ஒரு திங்கட்கிழமை ஓ.பி. வெளியே வரிசை வராந்தாவைத் தாண்டி நிக்குது. 46 வயது அக்கா ஒருத்தர் உள்ளே வந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. “ராத்திரி மூணு நாலு தடவை குப்புனு சூடேறி, நைட்டி நனைஞ்சு எழுந்திரிக்கிறேன் டாக்டரம்மா. தூக்கமே இல்ல. மெஷின்ல உக்காந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. புள்ளைங்க மேல எரிஞ்சு எரிஞ்சு விழறேன்.” மாதவிடாய் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை, மூணு மாசத்துக்கு ஒருமுறைன்னு தள்ளித் தள்ளி வருதுன்னும் சொன்னார்.

3/ பி.பி. பார்த்தேன். சுகர் பார்த்தேன். ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னேன். எல்லாம் நார்மல். “ஒண்ணுமில்லம்மா, மாசமாசம் வர்றது நிக்கிற நேரம். வயசானா அப்படித்தான் இருக்கும்.” சீட்டில் பி காம்ப்ளெக்ஸ், கால்சியம், ஐந்து நாளைக்குத் தூக்க மாத்திரை. மூணு நிமிஷத்தில் முடிஞ்சுது. அடுத்த டோக்கன்.

4/ எட்டு மாசம் கழிச்சு திரும்ப வந்தார். கையில் வேறொரு இடத்து டிஸ்சார்ஜ் சம்மரி. கர்ப்பப்பையும் இரண்டு சினைப்பையும் எடுத்தாச்சு. நான் அந்தக் காகிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். கட்டி இல்லை. அதிக ரத்தப்போக்கு இல்லை. புற்றுநோய் சந்தேகம் இல்லை. “எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்னாங்க. மூணு பவுனை அடகு வச்சோம்.” சரியாச்சான்னு கேட்டேன். “முன்ன ராத்திரி மட்டும்தான் டாக்டரம்மா. இப்ப பகல்லயும் கொதிக்குது.”

5/ அந்த ஆபரேஷனை நான் செய்யலை. ஆனா அவர் முதலில் வந்தது என்கிட்டதான். அன்னிக்கு நான் இன்னும் ஐந்து நிமிஷம் செலவு பண்ணி, “இதுக்குப் பேர் இது, இதுக்கு மருந்து இருக்கு”ன்னு சொல்லியிருந்தா அவர் வேற கதவைத் தட்டியிருக்க மாட்டார். “ஒண்ணுமில்ல”ன்னு நாம அனுப்பி வைக்கிற பெண், தொந்தரவை இங்கேயே விட்டுட்டுப் போறதில்லை. அதைத் தூக்கிக்கிட்டு அடுத்து யார் கேட்பாங்களோ அங்கே போறார். அங்கே யார் உட்கார்ந்திருக்காங்கங்கறது அவர் அதிர்ஷ்டம்.

6/ முதலில் அடிப்படை. கடைசி மாதவிடாய்க்கு அப்புறம் முழுசா 12 மாசம் வராம இருந்தா அதுதான் மெனோபாஸ். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியா 46, 47 வயதில் நடக்குது. மேலை நாடுகளில் 51 வயதையொட்டி. அதுக்கு முந்தைய சில வருஷங்களில் மாதவிடாய் தாறுமாறா வரும். தொந்தரவுகள் அப்பவே ஆரம்பிச்சுடும். “இன்னும் நிக்கவே இல்லையே, அதுக்குள்ள எப்படி?”ன்னு டாக்டரே கேட்டா, தப்பு அவர்கிட்ட.

7/ உள்ளே நடக்கறது இதுதான். சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறி இறங்கி, கடைசியில் வெகுவா குறையுது. உடம்பு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடம் மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அது சின்ன வெப்ப மாற்றத்துக்கே பதறிப்போய் ரத்தக் குழாயைத் திறந்து விடுது. முகம், கழுத்து, மார்பு குப்புனு சூடேறி, வேர்த்துக் கொட்டி, அப்புறம் குளிரும். இதுதான் ஹாட் ஃப்ளஷ். கவனிங்க, இந்தக் கதையில் கர்ப்பப்பை எங்கேயுமே வரலை.

8/ அதனால சூட்டுக்காகக் கர்ப்பப்பையை எடுக்கறது, கரண்ட் போனதுக்கு ஃபேனைக் கழட்டி எறியற மாதிரி. கூடவே சினைப்பையையும் எடுத்தா இன்னும் மோசம். கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிருக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் அறுந்து போகுது. அந்த அக்காவுக்குப் பகலிலும் கொதிச்சது ஏன்னு இப்ப புரியும். காரணமில்லாம 45 வயதுக்கு முன்னாடி ரெண்டு சினைப்பையையும் எடுத்தா, பின்னாளில் எலும்பு தேய்மானம், இதய நோய் வாய்ப்பும் கூடுது.

9/ சூடு மட்டும்தானா? இல்லை. தூக்கம் கெடறது, மூட்டு வலி, படபடப்பு, எரிச்சல், காரணமில்லாத அழுகை, பேர் மறந்து போறது, பிறப்புறுப்பு வறட்சி, தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு. ஒருத்தருக்கு ஒண்ணுமே தெரியாது. இன்னொருத்தருக்கு எல்லாம் சேர்ந்து வரும். பெரும்பாலானவங்களுக்கு ஓரளவு சூடு வருது. அதில் ஒரு பகுதியினருக்கு வேலையே பார்க்க முடியாத அளவுக்கு வருது. நான் பேசறது அவங்களுக்காக.

10/ “கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, போயிடும்.” எவ்வளவு நாள்? அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனிச்ச ஸ்வான் ஆய்வு 2015-ல் சொன்ன கணக்கு: அடிக்கடி சூடு வரும் பெண்களுக்கு அது நீடிக்கும் காலத்தின் இடைநிலை அளவு 7.4 வருஷம். ஏழரைச் சனி மாதிரி ஏழு வருஷத்துக்கும் மேல. தூங்காத ஏழு வருஷத்தைப் பொறுத்துக்கோன்னு ஒரு ஆம்பளைகிட்ட சொல்லிப் பாருங்க.

11/ இப்ப வழக்கமா வரும் எதிர்ப்புகளுக்கு வருவோம். முதல் எதிர்ப்பு: “எங்க பாட்டி எல்லாம் மாத்திரையா சாப்பிட்டாங்க? இது இயற்கை.” பாட்டிக்கும் வந்தது. பாட்டி சொல்லலை. சொன்னாலும் யாரும் கேட்கலை. “கிழவிக்குக் கோவம் ஜாஸ்தி”ன்னு பேர் வச்சுட்டோம். சில பேருக்குப் பேய் ஓட்டினோம்.

12/ இயற்கைன்னா மருந்து கூடாதா? 40 வயசுக்கு மேல வெள்ளெழுத்து வருது. அதுவும் இயற்கைதான். “வயசானா அப்படித்தான், ஊசியில் நூல் கோர்க்காதே”ன்னு யாராவது சொல்றாங்களா? கண்ணாடி வாங்கித் தர்றாங்க. பிரசவம் இயற்கை. அதுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொன்னா அடிக்க வருவீங்க. இயற்கைங்கற வார்த்தை இந்த ஒரு இடத்தில் மட்டும் பெண்ணின் வாயை மூடப் பயன்படுது.

13/ இரண்டாவது எதிர்ப்பு, இதுதான் பெருசு: “ஹார்மோன் மாத்திரையா? கேன்சர் வருமே!” இதை மக்கள் மட்டும் சொல்றதில்லை. டாக்டர்களும் சொல்றாங்க. எனக்குப் படிக்கும்போது மனசில் பதிஞ்சதும் இதுதான். இது எங்கே இருந்து வந்ததுன்னு தேடிப் படிச்சேன். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

14/ 1966-ல் ராபர்ட் வில்சன்ங்கற அமெரிக்க டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். மெனோபாஸ் ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டா என்றும் இளமைன்னு பிரசாரம். விற்பனை பறந்தது. 1975-ல் உண்மை வெளியே வந்தது. கர்ப்பப்பை இருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக் கொடுத்தா கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் வாய்ப்பு கூடுது. கூடவே புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்து கொடுத்தா அந்த ஆபத்து அடங்குதுன்னு அப்புறம் தெரிஞ்சுது. இன்னிக்கும் அதுதான் விதி.

15/ அடுத்து 2002 ஜூலை. விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்ங்கற பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினாங்க. கர்ப்பப்பை இருக்கும் 16,608 பெண்கள். பாதிப் பேருக்கு இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. சராசரியா 5.2 வருஷம். “மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுது”ன்னு உலகமெல்லாம் தலைப்புச் செய்தி. லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டாங்க. டாக்டர்கள் எழுதறதையே விட்டாங்க.

16/ அந்த 26 சதவீதத்தைப் பிரிச்சுப் பார்ப்போம். மருந்து சாப்பிடாத 10,000 பெண்களில் ஒரு வருஷத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. மருந்து சாப்பிட்ட 10,000 பேரில் 38 பேருக்கு. அதாவது பத்தாயிரத்துக்கு எட்டு பேர் கூடுதல். எட்டு பேர்ங்கறது சும்மா இல்லை, அதை மறைக்கவே கூடாது. ஆனா “மாத்திரை சாப்பிட்டா கேன்சர் வரும்”ங்கறதும், “பத்தாயிரத்தில் எட்டு பேருக்குக் கூடுதலா வரலாம்”ங்கறதும் ஒண்ணா? அந்த வித்தியாசத்தைச் சொல்லாம ஒரு தலைமுறையையே பயமுறுத்திட்டோம்.

17/ இன்னொரு முக்கியமான விஷயம். அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் வயது 50 முதல் 79 வரை. சராசரி 63. அதாவது பாதிக்கும் மேல் மாதவிடாய் நின்னு பல வருஷம் ஆனவங்க. ஆய்வின் நோக்கமே நாள்பட்ட நோய்களை, குறிப்பா இதய நோயைத் தடுக்க முடியுமான்னு பார்க்கறதுதான். சூட்டால் தூங்க முடியாத 47 வயதுப் பெண்ணுக்கு என்ன செய்யலாம்ங்கறது அவங்க கேட்ட கேள்வியே இல்லை. 63 வயது உடம்பின் பதிலைக் கொண்டுவந்து 47 வயது உடம்பு மேல ஒட்டினோம்.

18/ அதே ஆய்வின் இன்னொரு பகுதி: கர்ப்பப்பை ஏற்கனவே எடுத்த 10,739 பெண்கள், ஈஸ்ட்ரோஜன் மட்டும். பக்கவாதம் கூடுதலா வந்ததால 2004-ல் அதையும் நிறுத்தினாங்க. ஆனா மார்பகப் புற்றுநோய் கூடலை. நீண்ட காலம் தொடர்ந்து பார்த்ததில் குறைவாவே இருந்தது. 2017-ல், 18 வருஷம் கழிச்சு இரண்டு பகுதிகளின் இறப்புக் கணக்கையும் பார்த்தாங்க. மருந்து சாப்பிட்டவங்க, சாப்பிடாதவங்க இடையே மொத்த இறப்பில் வித்தியாசம் இல்லை. இந்தச் செய்திகள் எந்த ஊர் டீக்கடை பெஞ்சுக்கும் வந்து சேரலை.

19/ இன்னிக்கு நிலைமை என்ன? வட அமெரிக்க மெனோபாஸ் சங்கத்தின் 2022 அறிக்கை தெளிவா சொல்லுது: 60 வயதுக்குக் கீழ், அல்லது மாதவிடாய் நின்னு 10 வருஷத்துக்குள் இருக்கும், தடைகள் இல்லாத பெண்களுக்குத் தொந்தரவு தரும் சூட்டுக்கு ஹார்மோன் சிகிச்சையில் நன்மை அதிகம், ஆபத்து குறைவு. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டியும் ஹார்மோன் சிகிச்சை பத்தி எடுத்துச் சொல்லி, பெண்ணுக்கு முடிவெடுக்க வாய்ப்பு கொடுக்கணும்னு சொல்லுது. சூடு வரும் எண்ணிக்கையை இந்த மருந்து ஏறத்தாழ முக்கால்வாசி குறைக்குது. இதுக்கு இணையான மருந்து வேற இல்லை.

20/ “அப்ப எல்லாருக்கும் ஹார்மோனா? கம்பெனிக்காரன்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க?” வரப்போற கமெண்ட் தெரியும், அதனால் இப்பவே சொல்லிடறேன். எல்லாருக்கும் இல்லை. தொந்தரவு இல்லாத பெண்ணுக்கு இளமைக்காகவோ, இதயத்துக்காகவோ, ஞாபகசக்திக்காகவோ கொடுக்கக் கூடாது. அது 1966-ன் பொய். வீடியோவில் “35 வயசானா எல்லாரும் ஹார்மோன் டெஸ்ட் பண்ணுங்க”ன்னு சொல்றவங்களும் அதே பொய்யைப் புதுப் பாக்கெட்டில் விக்கறாங்க.

21/ யாருக்குக் கூடாது: மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, மாரடைப்பு, பக்கவாதம் வந்தவங்க, காலிலோ நுரையீரலிலோ ரத்தக் கட்டி வந்தவங்க, கல்லீரல் நோய் தீவிரமா இருக்கறவங்க, காரணம் கண்டுபிடிக்காத ரத்தப்போக்கு இருக்கறவங்க. பி.பி., சுகர் இருந்தாலே கூடாதுன்னு இல்லை, கட்டுக்குள் இருக்கணும், எந்த வகை மருந்துன்னு யோசிச்சுக் கொடுக்கணும். மாத்திரையா விழுங்கினா ரத்தக் கட்டி வாய்ப்பு கூடுது. தோலில் தடவும் ஜெல், ஒட்டும் பட்டையில் அந்த வாய்ப்பு அப்படிக் கூடறதாத் தெரியலை.

22/ எப்படிக் கொடுக்கணும்: கர்ப்பப்பை இருந்தா ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் சேர்த்து. கர்ப்பப்பை எடுத்திருந்தா பொதுவா ஈஸ்ட்ரோஜன் மட்டும். வேலை செய்யும் குறைஞ்ச அளவு. வருஷம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசி, தொடரணுமா நிறுத்தணுமான்னு முடிவு. தோழி சாப்பிடறாங்கன்னு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கக் கூடாது. நான் எம்.பி.பி.எஸ். மட்டும் படிச்சவ. எனக்குச் சந்தேகம் வந்தா மகப்பேறு மருத்துவருக்குச் சீட்டு எழுதுவேன். அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

23/ ஹார்மோன் கூடாதவங்களுக்கும் வழி இருக்கு. மனச்சோர்வுக்குத் தர்ற வென்லாஃபாக்சின், பராக்சிடின் போன்ற மருந்துகள் குறைஞ்ச அளவில் சூட்டைக் குறைக்குது. ராத்திரி வேர்வைக்கு கேபாபென்டின் உதவும். மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் சாப்பிடறவங்க மட்டும் பராக்சிடினைத் தவிர்க்கணும், அது டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும். சி.பி.டி.ங்கற மனப்பயிற்சி முறைக்கும் நல்ல ஆதாரம் இருக்கு. 2023-ல் ஃபெசோலினெடன்ட்ங்கற புது மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கொடுத்தாங்க. அதுக்கும் கல்லீரல் எச்சரிக்கை இருக்கு. பக்கவிளைவே இல்லாத மருந்துன்னு யார் சொன்னாலும் சந்தேகப்படுங்க.

24/ யாரும் வாய் திறக்காத ஒண்ணு. பிறப்புறுப்பு வறட்சி. சூடு சில வருஷத்தில் அடங்கலாம். இது தானா சரியாகாது, கூடிக்கிட்டே போகும். எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி, திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு. ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாட்டிக் வாங்கிட்டுப் போற 58 வயது அம்மாக்கள் நம்ம ஓ.பி.யில் எத்தனை பேர்! குறைஞ்ச அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமை உள்ளே தடவினா நீர்க்கடுப்பு திரும்ப வர்றது குறையும். ரத்தத்தில் மிகக் குறைவாத்தான் கலக்கும். கேட்கக் கூச்சமா இருக்கும்னு தெரியும். கேட்க வேண்டியது நாங்க.

25/ மூணாவது எதிர்ப்பு: “அந்தப் பவுடர் சாப்பிட்டு எங்க சித்திக்கு நல்லாயிடுச்சு.” பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லலை. ஹார்மோன் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2004-ம் வருஷ ஆய்வறிக்கையில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் சூடு பாதிக்கும் மேல் குறைஞ்சுது. நம்பிக்கையும் நாள் ஓடறதும் சேர்ந்து செய்யற வேலை அது. அதனாலதான் எந்தப் பவுடரை வித்தாலும் “எனக்கு நல்லாச்சு”ன்னு சொல்ல நாலு பேர் கிடைப்பாங்க. மாசம் ஆயிரக்கணக்கில் அதுக்குக் கொட்டறதுக்கு முன்னாடி இதை நினைங்க.

26/ நடைப்பயிற்சி, யோகா செய்யுங்க. எலும்புக்கும் இதயத்துக்கும் மனசுக்கும் நல்லது. சூட்டைக் குறைக்கும்னு மட்டும் உறுதியான ஆதாரம் இல்லை. “வாக்கிங் போனீங்களா? போகலையா? அப்ப உங்க தப்பு”ன்னு டாக்டர் திட்டறதுக்காகச் சொல்லலை. பத்து மணி நேரம் மெஷினில் உட்கார்ந்துட்டு வீட்டு வேலையும் செய்யற பெண்ணுக்கு நாம தர்ற அட்வைஸில் பாதி, அவர் வாழ்க்கை தெரியாததால வர்றது.

27/ டாக்டர்களுக்கும் சேர்த்து ஒரு எச்சரிக்கை. 46 வயசுன்னாலே எல்லாம் மெனோபாஸ் இல்லை. ராத்திரி வேர்வையோட எடை குறையுதா, இருமல், சாயங்காலக் காய்ச்சல் இருக்கா? சளிப் பரிசோதனை பண்ணுங்க, நம்ம ஊரில் காசநோய் இன்னும் போகலை. படபடப்பா? தைராய்டும் ரத்தசோகையும் பாருங்க. ஆனா 45 வயதைத் தாண்டின பெண்ணுக்கு அறிகுறியை வச்சே மெனோபாஸ்னு சொல்லிடலாம், எஃப்.எஸ்.எச். முதலான ஹார்மோன் டெஸ்ட் வழக்கமா தேவையில்லை. ஒரு பெரிய ஹார்மோன் பேனல் பில்லைவிட ஐந்து கேள்விகள் அதிகம் சொல்லும்.

28/ இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்குங்க. மாதவிடாய் நின்னு ஒரு வருஷம் ஆனதுக்கு அப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்க்கணும். “திரும்ப வந்துடுச்சு, உடம்புல தெம்பு இருக்கு”ன்னு சந்தோஷப்படாதீங்க. பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். ஆனா ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோய் இருக்கலாம். ஆரம்பத்தில் கண்டுபிடிச்சா குணமாக்கலாம். இங்கே “வயசானா அப்படித்தான்”ன்னு சொல்றது உயிரையே எடுக்கும்.

29/ கர்ப்பப்பை விஷயத்துக்கு திரும்ப வர்றேன். கர்ப்பப்பையை எடுக்க நியாயமான காரணங்கள் இருக்கு: புற்றுநோய், மருந்துக்கு அடங்காத ரத்தப்போக்கு, பெரிய கட்டி, கடும் இறக்கம். ஆனா காரணமில்லாம எடுக்கறது இந்த நாட்டில் வெறும் சந்தேகம் இல்லை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்கு நடந்தது 2019-ல் நாடே பார்த்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூணு மாசத்துக்குள் நடைமுறைப்படுத்தணும்னு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. சூட்டுக்காகன்னு யாராவது ஆபரேஷன் சொன்னா, இன்னொரு டாக்டரைப் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க.

30/ அரசுக்கு. நானும் அரசு சம்பளம் வாங்கறவதான். 2021-ல் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் பி.பி., சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு போச்சு. அதில் எனக்குப் பெருமை. அதே வாசலில் நிக்கிற 47 வயதுப் பெண்கிட்ட “ராத்திரி தூங்கறீங்களாம்மா? சூடேறி வேர்க்குதா?”ன்னு ரெண்டே ரெண்டு கேள்வி சேர்க்க எவ்வளவு செலவாகும்? நான் வேலை பார்க்கற இடத்து மருந்தகத்தில் பி காம்ப்ளெக்ஸ் மலை மாதிரி இருக்கு. இந்த ஹார்மோன் மருந்து இல்லை. வெளியே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கு. கர்ப்பம், பிரசவம் வரைக்கும் பெண்ணைத் தூக்கிச் சுமக்கற நம்ம சுகாதாரத் துறை, அதுக்கப்புறம் அவங்களை இறக்கி விட்டுடுது.

31/ வீட்டு ஆம்பளைகளுக்கு. ராத்திரி ஃபேனை கூட்டினா சண்டை போடாதீங்க. “உனக்கு எல்லாம் மனசுலதான்”னு சொல்லாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்க. உங்க சுகர் ரிப்போர்ட்டை அவங்க எத்தனை வருஷமா பத்திரமா கவர்ல போட்டுக் கொண்டு வர்றாங்க? ஒரு தடவை நீங்க கவர் பிடிங்க.

32/ பெண்களுக்கு. ஓ.பி.யில் நேரம் குறைவு, அதனால் எழுதிக்கிட்டு வாங்க. கடைசியா மாதவிடாய் வந்த தேதி. ஒரு நாளைக்கு, ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை சூடு. எத்தனை மணி நேரத் தூக்கம். எந்த வேலையைச் செய்ய முடியலை. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக் கட்டி உங்களுக்கோ ரத்த உறவுக்கோ இருந்ததா. இப்ப சாப்பிடற மருந்து, நாட்டு மருந்து உட்பட. “முடியலை டாக்டர்”னா மூணு நிமிஷம். “வாரத்துல அஞ்சு நாள் வேலைக்குப் போக முடியலை”ன்னா எழுதற கை நிக்கும். நிக்கணும்.

33/ அந்த அக்கா என்ன ஆனார்? மருத்துவக் கல்லூரி மகப்பேறு ஓ.பி.க்கு நானே போன் பண்ணி அனுப்பினேன். தடை எதுவும் இல்லை. கர்ப்பப்பை இல்லாததால ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஆரம்பிச்சாங்க. வழக்கமா மாதவிடாய் நிற்கும் வயசு வரைக்கும் தொடரணும், நடுநடுவே பரிசோதனை. ரெண்டு மாசம் கழிச்சு வந்தார். “சேர்ந்தாப்ல அஞ்சு மணி நேரம் தூங்கறேன் டாக்டரம்மா. திரும்ப மெஷின்ல உக்காந்துட்டேன்.” சொல்லிட்டு சிரிச்சார். நகை இன்னும் அடகில்தான் இருக்கு.

34/ அந்த மருந்து எட்டு மாசம் முன்னாடியும் இருந்தது. கர்ப்பப்பை இருக்கும்போதே கொடுத்திருக்கலாம். நடுவில் தடையா இருந்தது என் வாயில் இருந்து வந்த ரெண்டு வார்த்தைதான். அதனால உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். அடுத்த தடவை எந்த டாக்டராவது, நானாவே இருந்தாலும், “வயசானா அப்படித்தான்”னு சொன்னா ஸ்டூலை விட்டு எழுந்திரிக்காதீங்க. “சரி டாக்டர், அதுக்கு என்ன சிகிச்சை?”ன்னு கேளுங்க.